இடது மேல் இரண்டாம் பல்

நான் கொடுத்த விண்ணப்பத்தில் வருடங்களே இல்லை என்பதைக் கண்டுபிடிக்க மேடத்துக்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

“என்னென்ன செய்யத் தெரியும்னு ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க. எப்போ, எங்கேன்னு ஒரு வரி இல்லையே?”

வேண்டுமென்றே விட்டதுதான். ஒன்பது வருடத்தில் ஐந்து ஊர். வரிசையாக எழுதினால், எந்த இடத்திலும் நிலைக்காதவள் என்று அந்தத் தாளே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

“அடிக்கடி இடம் மாற வேண்டியதாப் போச்சு மேடம்.”

“ஏன், போற இடத்துல எல்லாம் சண்டையா?”

சண்டைதான். ஆனால் அதற்குச் சம்பளம் வாங்குகிறவர் என் கணவர். அவர் படையில் இருக்கிறார். இதைச் சொல்ல வாய் திறந்து மூடிக்கொண்டேன். இதே ஊரில் ஏற்கெனவே மூன்று பல் மருத்துவமனைகளில் சொல்லிப் பார்த்தாயிற்று. மூன்றிலும் எழுந்து நின்று மரியாதை செய்யாத குறைதான். மூன்றிலும் “கூப்பிடுறோம்” என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை.

“குடும்பச் சூழ்நிலை. இப்போ சரியாயிடுச்சு” என்றேன்.

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். அறுபதைத் தாண்டியவர். கையில் மணிக்கட்டு உறை போட்டிருந்தார். “இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் இருந்தாங்க. ஒருத்தி வெளிநாடு போயிட்டா. இன்னொருத்தர் சொந்தமா கிளினிக் திறந்துட்டார், அதுவும் எதிர்த்தெருவுலயே. அவங்க கம்பி மாட்டின பிள்ளைங்க எல்லாம் என் தலையில. ஒவ்வொரு அம்மாவும் வந்து என்னைத்தான் கடிக்கிறாங்க. மூணு வருஷம் அசையாம இருக்கிற ஆள்தான் எனக்கு வேணும். இருப்பீங்களா?”

“இருப்பேன்.”

அவ்வளவு சுலபமாக வந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழில் பழக்கமாகத்தான் இருக்கும். ஒரு மாதம் சோதனை, பிடித்திருந்தால் நியமனக் கடிதம் என்றார்.

வீட்டில் கணவர் சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்திருந்தார். ஒவ்வொரு மாற்றலுக்கும் அந்த மேசையின் ஒரு கால் ஆடத் தொடங்கும். இந்த முறை நான்காவது காலின் முறை.

“மூணு வருஷம்னா சொன்ன?” என்று குரல் மட்டும் வந்தது. “எனக்கே சொல்லாத ரகசியத்தை மேலிடம் உன்கிட்ட எப்போ சொல்லுச்சு?”

“கிண்டல் பண்ணாதீங்க.”

“பண்ணல. தெரிஞ்சா எனக்கும் சொல்லு, மேசைக்கு நல்ல ஆணியா வாங்கிடுறேன்.”

என் பிரச்சினை ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஊரில் எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு வருடம். அதில் என் மருத்துவப் பதிவைப் புது ஊருக்கு மாற்ற ஐந்து மாதம் போய்விடும். வேலை தேட இன்னும் மூன்று. மிச்சம் பதினாறு மாதம். கோணல் பற்களுக்குக் கம்பி மாட்டினால் அது நேராக்கி முடிக்கப் பதினெட்டு முதல் இருபத்து நான்கு மாதம் பிடிக்கும். எந்த ஊரில் எப்படிக் கூட்டிக் கழித்தாலும், நான் மாட்டிய கம்பியை நானே கழற்றும் நாளுக்கு முன்பே எங்கள் பெட்டிகள் லாரியில் ஏறியிருக்கும்.

மருத்துவமனை நடத்துகிறவர்களும் பழைய நோயாளிகளைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, புதியவர்களை என்னிடம் அனுப்புவார்கள். ஆகவே படித்து முடித்த பிறகு நான் ஒருவருக்குக்கூடக் கம்பியைக் கழற்றியதில்லை. இதை ஒரு வருத்தமாக யாரிடமும் சொன்னதில்லை. வருத்தத்தைவிட அது ஆவல்தான். மூடிய கதவுக்குப் பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டால் வருகிற ஆவல். முடிகிற நாளில் என்ன நடக்கும்? அவர்கள் முதலில் என்ன செய்வார்கள்? கண்ணாடியைக் கேட்பார்களா? அழுவார்களா? ஏதாவது சொல்வார்களா?

சோதனை மாதம் நன்றாகவே போனது. வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு நான் மனதுக்குள் கடிகாரம் என்று பெயர் வைத்திருந்தேன். ஒரு நிமிடம் தாமதமாக வருகிறவர்களிடம் “பத்து முப்பத்தொண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் புன்னகைப்பாள். ஏசுவதைவிட அது மோசம். மேடம் என் வேலையைப் பின்னால் நின்று பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். கடிகாரம்தான் ஒருநாள் காதருகே வந்து, “மேடம் திட்டலைன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம். என்னை இன்னும் திட்டிட்டுதான் இருக்காங்க, ஆறு வருஷமா” என்றாள்.

மாதம் முடிய நான்கு நாள் இருந்தது. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி அவள் அம்மாவுடன் வந்தாள். வேறு ஊரில் மாட்டிய கம்பி, பாதி வழியில் இருந்தது.

முதலில் பார்த்தது மேடம். பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

“எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலை இது? இங்க வந்து பாருங்க.”

ஒவ்வொரு பல்லிலும் ஒட்டுகிற சின்ன உலோகத் துண்டைப் பிராக்கெட் என்போம். எது மேல், எது கீழ் என்று நமக்குத் தெரிவதற்காக அதன் ஒரு மூலையில் வண்ணப் பொட்டு இருக்கும். மேல்வரிசையில் பொட்டு ஈறுப் பக்கம் இருக்க வேண்டும். இவளுக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன, ஒன்றைத் தவிர. நடுவிலிருந்து இடப்பக்கம் இரண்டாவது பல். அதில் மட்டும் பொட்டு கீழே இருந்தது.

“தலைகீழா ஒட்டி வெச்சிருக்காங்க” என்றார் மேடம். “எல்லாத்தையும் எடுத்துட்டு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.”

“முதல்ல இருந்தா?” பெண் வாயைத் திறந்தபடியே கேட்டாள். கண்கள் நிறைந்துவிட்டன.

“இவளோட சிகிச்சை அட்டை எங்கம்மா?” என்று மேடம் கேட்க, அம்மா சங்கடமாகச் சிரித்தார்.

“பதினேழாம் நம்பர் பெட்டியில இருக்கு. இன்னும் பிரிக்கல.”

மேடத்துக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டில் இருபத்திரண்டாம் நம்பர் பெட்டி இரண்டு ஊர்களாகப் பிரிக்கப்படாமல் இருக்கிறது.

மேடம் கை கழுவப் போனார். நான் விளக்கை இழுத்து அந்தப் பல்லைப் பார்த்தேன். விட்டுவிட மனம் வரவில்லை. மற்ற எல்லாப் பிராக்கெட்டுகளும் மயிரிழை பிசகாமல் நடுவில் இருந்தன. ஓரங்களில் பசை துளியும் வழிந்திருக்கவில்லை. பின்பற்களில்கூட, யாரும் பார்க்கப்போகாத இடத்தில், அத்தனை சுத்தம். இப்படிப்பட்ட ஒரு கை இந்த ஓர் இடத்தில் மட்டும் தூங்கியிருக்குமா?

“கம்பி மாட்டுறதுக்கு முன்னாடி இவ சிரிக்கிற மாதிரி போட்டோ எதாவது இருக்கா?” என்று அம்மாவைக் கேட்டேன்.

“சிரிக்கவே மாட்டாளே இவ” என்று கைபேசியைத் தேய்த்துக்கொண்டே போனார். “இருங்க, தம்பி பிறந்த நாள்ல ஒண்ணு... இதோ.”

படத்தில் அந்த இடது பல் இருந்த இடத்தில் ஓர் இருட்டுதான் இருந்தது. பல் வரிசைக்கு உள்ளே, அண்ணத்தை ஒட்டி ஒளிந்திருந்தது. அவ்வளவுதான், எனக்குள் ஏதோ பளிச்சென்றது. உள்ளே தள்ளி முளைத்த பல்லைச் சும்மா முன்னால் இழுத்தால் தலை மட்டும் முன்னே வரும், வேர் உள்ளேயே நின்றுவிடும். பிராக்கெட்டைத் திருப்பி ஒட்டினால் வேரும் சேர்ந்து முன்னே வரும். அது தவறே அல்ல. அடுத்து பார்க்கிறவருக்கு இது தெரியும் என்று நம்பிச் செய்த வேலை. வேர் பாதிக்கு மேல் வந்துவிட்டிருந்தது.

“மேடம், இது வேணும்னே செஞ்சது. எடுக்க வேண்டாம். இன்னும் எட்டு, ஒன்பது மாசத்துல முடிஞ்சிடும்” என்றேன். சொல்லிக்கொண்டே, அதே மூச்சில், அம்மாவின் பக்கம் திரும்பி, “இங்க இன்னும் எத்தனை மாசம் இருக்கு உங்களுக்கு?” என்று கேட்டேன்.

“பத்து. இழுத்துப் பிடிச்சா பன்னெண்டு” என்றார் அவர், இமைக்காமல். “உங்களுக்கு?”

“பதினாறு.”

படைக் குடும்பங்களான எங்களுக்குள் இது சாப்பிட்டாயா என்று கேட்பது போல. குடியிருப்பின் மாடிப்படியில், வாசலில், பள்ளி வண்டிக்குக் காத்திருக்கும்போது, பெயர் கேட்பதற்கு முன் இதைக் கேட்டுவிடுவோம். கேட்டால் பதில் தானாக வந்துவிடும். வந்துவிட்டது.

எனக்குப் பின்னால், மேடம் கை கழுவிக்கொண்டிருந்த குழாயின் சத்தம் நின்றது.

“நினைச்சேன்” என்று அந்த அம்மா முகமெல்லாம் மலர்ந்தார். தான் எதை உடைத்தோம் என்று அவருக்குத் தெரியாது. “பெட்டி நம்பர் சொன்னதும் உங்க முகத்தைப் பார்த்தேனே. இவளுக்கு இதை மாட்டின டாக்டரும் நம்மள மாதிரிதான். பதினோரு மாசம்தான் இருந்தாங்க. போகும்போது, பயப்படாதே, அடுத்த டாக்டருக்குப் பார்த்ததும் புரியும்னு இவகிட்ட சொல்லிட்டுப் போனாங்க.”

அவர்கள் போன பிறகு மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

“நான் கணக்குல கொஞ்சம் மட்டம். பதினாறு மாசம்னா எத்தனை வருஷம்?”

“மன்னிச்சிடுங்க மேடம்.”

“அது இருக்கட்டும். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“ஒரு வருஷம் நாலு மாசம். அதுவும் நிச்சயமில்ல. மாற்றல் ஆர்டர் முன்னாடியே வந்தாலும் வரும்.”

“என் முகத்தைப் பார்த்து மூணுன்னு சொன்னீங்களே.”

“உண்மையைச் சொன்ன இடத்துல எல்லாம் வெளிய அனுப்பினாங்க.”

“அப்போ இங்க பொய் சொல்லலாம்னு முடிவு பண்ணிட்டீங்க.”

“இங்க வேலை வேணும்னு முடிவு பண்ணினேன்.”

சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டேன். போகிற வேலைதானே என்ற தைரியமாக இருக்கலாம். பொய்யைவிட இது சொல்வதற்குக் கடினமாக இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் நான் வேலையைச் சும்மா இருக்க முடியாமல் கேட்பதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அப்படித்தான் சொல்லிவந்தேன். வேணும் என்ற சொல் என் வாயிலிருந்து வந்து எத்தனை நாளாயிற்று?

மேடம் மணிக்கட்டு உறையைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

“இதுவரைக்கும் எத்தனை பேருக்குக் கம்பி மாட்டியிருப்பீங்க?”

“இருநூறுக்கு மேல இருக்கும்.”

“அதுல நீங்க கழட்டினது?”

“ஒண்ணு கூட இல்ல.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் போகவில்லை, ஆனால் அதன் ஓரத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. “ஒண்ணு கூடவா?” என்றார், சாதாரணமாக ஒருவர் மற்றவரிடம் வியந்து கேட்கிற குரலில்.

“ஒண்ணு கூட.”

மேடம் எழுந்து, சுவரோரத்து இரும்பு அலமாரியைத் திறந்தார். நான்கு தட்டுகளிலும் பற்களின் சுண்ண அச்சுகள். ஒவ்வொன்றின் மேலும் ரப்பர் வளையம் போட்ட அட்டை.

“போன ரெண்டு பேரும் விட்டுட்டுப் போனது. முப்பத்தொண்ணு. யார் எதுக்கு என்ன செஞ்சாங்கன்னு பாதிக்கு மேல எனக்குப் புரியல. இன்னைக்கு அந்தப் பொண்ணுக்கு நான் எல்லாத்தையும் பிடுங்கியிருப்பேன். இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் வீணாயிருக்கும்.” மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டார். “கம்பியைக் கழட்டுறதுக்குதான் இந்தக் கையில வலு வேணும். மாட்டுறது என்னால முடியும். இதுல பெரும்பாலானது ஒரு வருஷத்துக்குள்ள முடியற கேஸ்.”

நான் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“புதுசு ஒண்ணுகூட உங்களுக்குக் கிடையாது. உங்களை நம்பி ஒரு பிள்ளைக்கும் ஆரம்பிக்க மாட்டேன், சொல்லிட்டேன். இதை முடிச்சுக் குடுங்க.”

“சரி மேடம்.”

“கடிதத்துல காலம்னு ஒரு இடம் இருக்கு. என்ன எழுத?”

“பதினாறுன்னு எழுதுங்க. அதுக்கு முன்னாடி ஆர்டர் வந்தா, வந்த அன்னைக்கே உங்ககிட்ட சொல்றேன்.”

“புருஷன்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி சொல்லணும்.”

“அவர்தான் மேடம் எனக்கே சொல்லணும்.”

மேடம் சிரிக்காமல் இருக்க முயன்றார். “போங்க, வெளிய ஒருத்தி பத்து நாப்பத்தஞ்சுன்னு சொல்லிட்டிருப்பா.”

மறுவாரம் அலமாரியின் முதல் அட்டை வந்தது. வங்கியில் வேலை பார்க்கும் பெண், நாற்பது வயது இருக்கும். மாட்டியவர் எதிர்த்தெருவுக்காரர். கொஞ்சம் அவசரக் கை, ஆனால் கடைவாய்ப் பக்கம் ஓர் இடத்தில் மட்டும் அழகாக யோசித்திருந்தார். ஒவ்வொரு பிராக்கெட்டாக இடுக்கியால் நசுக்கினேன். சின்னச் சின்ன முறிவுச் சத்தங்கள். பசையைச் சுரண்டி, மெருகேற்றி, தண்ணீர் அடித்து முடித்தேன். கண்ணாடியை நீட்டத் தயாராகக் கையில் வைத்திருந்தேன்.

அவள் கண்ணாடியைக் கேட்கவில்லை. அழவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டுக்குப் பின்னால் அவள் நாக்கு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகப் போவது வெளியிலிருந்தே தெரிந்தது. திரும்பி வந்தது. மறுபடி போனது.

“வழுக்குது டாக்டர்” என்றாள்.

அன்று மாலை மேசைக்கு எதிரே உட்கார்ந்து கணவர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். “என்ன, வாய்க்குள்ள ஏதாவது மாட்டிக்கிச்சா?” என்று கேட்டபோதுதான், நானும் நாக்கால் என் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தது தெரிந்தது.

இருநூறு பேர். அவர்களும் கண்ணை மூடியிருப்பார்களா?