கடைசியாக அறுத்த குழாய்கள்

கணவர் போன பிறகு முதல்முறையாக வேலைக்கு வந்தவளின் மேசையில், அவர் கடைசியாக அறுத்துவைத்த குழாய்த் தட்டு யாரும் தொடாமல் அப்படியே இருந்தது.

"அக்கா, இத வேற யார்கிட்டயாவது குடுத்துடவா?" என்று கேட்டாள் சூப்பர்வைசர் பெண்.

"வேணாம்மா. நானே பாக்கறேன்."

ஈர்க்குச்சியை விட மெல்லிய எஃகுக் குழாய்கள். எங்கோ ஒரு நோயாளியின் ரத்தக்குழாய்க்குள் போகவேண்டியவை. அறுத்த முனையிலோ பக்கத்தில் வெட்டிய பள்ளத்திலோ மயிரிழையளவு பிசிறு இருந்தாலும் உள்ளே கீறிவிடும். தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர் அறுப்பார். இந்தப் பக்கம் இவள் லென்ஸில் பார்த்துக் குறையுள்ளதைக் கழிப்பாள். "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து என்கிட்ட குறை கண்டுபிடிக்கிறதுதான் இவ வேலை. இங்க அதுக்குச் சம்பளம் வேற!" என்று சாப்பாட்டு வேளையில் ஊரைக் கூட்டுவார். உண்மையில் அவர் குழாயில் அவள் குறை கண்டது அபூர்வம். சுழலும் அறுப்புச் சக்கரத்துக்குக் கையால்தான் குழாயைக் கொடுக்கவேண்டும். அழுத்தினால் பிசிறு எழும். அவருக்குப் பூப்போன்ற கை.

அவருடைய கடைசி நாளன்று மத்தியானம் சக்கரச் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. "என்ன, தூக்கமா?" என்று தடுப்பைத் தட்டிச் சீண்டினாள். பதில் இல்லை. சக்கரம் மறுபடி ஓடியது. கோபமாக்கும் என்று விட்டுவிட்டாள். வேலை முடிந்து சட்டை மாற்றும் அறையில் விழுந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

"வலியே தெரிஞ்சிருக்காதும்மா. நொடியில உயிர் போயிருக்கும்" என்றார் டாக்டர். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் எழுந்து நடமாடினாள்.

அறுத்த வரிசைப்படியே குழாய்களை அடுக்குவது அவர் வழக்கம். முதல் வரிசை கண்ணாடிபோல் இருந்தது. இரண்டாவது வரிசையின் நடுவில் ஒரு குழாயின் முனையில் பிசிறு. அடுத்த குழாயில் பள்ளம் கோணல். அதற்கடுத்ததில் இரண்டும். அப்புறம் ஒன்றுகூடத் தேறவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் அழுத்தியிருக்கிறார். ஒன்றிரண்டில்லை, வரிசை வரிசையாக.

"ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா? கைக்கெட்டுற தூரத்துலதானே இருந்தேன்?"

தடுப்புக்கு அந்தப் பக்கம் புது ஆள் சக்கரத்தை நிறுத்தினான். "என்னையா கேட்டீங்க?"

"இல்லப்பா. நீ பாரு."

ஒவ்வொன்றாகக் கழிவுப் பெட்டியில் போட்டாள். கடைசிக் குழாயில் பள்ளம் பாதியோடு நின்றிருந்தது. விரலால் மெல்லத் தடவினாள். பிசிறு கையுறையைக் கவ்விக்கொண்டது. சற்று இழுத்தால் விட்டுவிடும். அவள் கையை அசைக்கவில்லை.