வெளித் தகரத்துத் தண்ணீர்

“இன்னைக்கு நான் போறேன். நீ அடுப்பப் பாரு” என்று சொல்லிக் கதவை மறித்துக்கொண்டு நின்றான் முத்துவீரன்.

தலையில் சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டு புறப்பட்டு நின்ற வேலம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முதல்நாள் மத்தியானம் பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை.

“வெளையாடாதீங்க. எட்டரைக்குப் போன் வந்துரும்.”

“போத்தல்ல கெடக்குற தண்ணிய கிளாசுல ஊத்தி அளக்கணும். அவ்வளவுதானே? நீ அளக்குறத நான் பாத்ததில்லையா?”

சண்டைக்கு நின்றால் நேரம் போய்விடும் என்று நினைத்தாளோ என்னவோ, அளவுக் கிளாசை முந்தானையால் துடைத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் படியிறங்கும்போது பின்னாலிருந்து ஏதோ சொன்னாள். தகரக் கூரையில் அடித்த மழையில் அது அவன் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் திரும்பியிருக்க மாட்டான்.

ரத்தோட்டைக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மழை அளக்கும் வேலை வேலம்மாவுக்குக் கிடைத்து ஐந்து வருஷமாகிறது. எட்டாம் வகுப்புவரை படித்தவள், கையெழுத்தும் நன்றாக இருக்கும். ஆபிஸ் முற்றத்தில் ஒரு தகரக் குழாய். அதற்குள் ஒரு போத்தல். மேலே பித்தளைப் புனல். தினமும் காலையில் அதை அளந்து முடிக்கவும் மாத்தளையிலிருந்து போன் வரவும் சரியாக இருக்கும். மர்சூக் என்று ஓர் உத்தியோகத்தர். மாவட்டத்தில் பெய்ததையெல்லாம் கேட்டெழுதிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். நாடு முழுக்க எங்கே புயல் கிளம்புகிறது, எந்த ஆறு பெருகுகிறது என்று அங்கே படம் போட்டுப் பார்ப்பார்களாம். போன வருஷம் பள்ளத்து வீட்டு வரிசையான பணிய லயத்துக்கு மேலே, சரிவில் நிலம் ஒரு முழத்துக்கு வெடித்ததிலிருந்து இன்னோர் உத்தரவும் வந்திருந்தது. ஒரு நாளில் ஆறு அங்குலம் பெய்துவிட்டால் ஆபிஸ் கிளாக்கர் தப்புப் பறையை அடிக்கச் செய்ய வேண்டும்; பள்ளத்திலிருக்கிற பன்னிரண்டு குடும்பமும் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும்.

முத்துவீரனுக்கு மழையைப் பற்றிக் கவலையில்லை. அவனை அரித்தது அந்தப் போன்தான். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு ஆபிஸ் பக்கமாகப் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியே அவள் குரல் கேட்கும். “வடக்குப் பக்கம் நல்லா இருட்டிக்கிட்டு வருதுங்க ஐயா… காத்து இல்லீங்க… மல உச்சியே தெரியல.” அவனிடம் அவள் பேசியதெல்லாம் அரிசி, விறகு, ஒழுகுகிற மூலை. வானத்தைப் பற்றி ஒருநாளும் அவனிடம் அவள் பேசியதில்லை. அந்த ஐயா சொல்வதைக் கேட்டுச் சிரிப்பாள். லயத்தில் யாரும் கேட்டறியாத சிரிப்பு அது.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் டவுன் கடைகள் எரிந்தபோது பத்து நாள் போன் வரவில்லை. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார்கள். அவள் மட்டும் தினமும் போய் மழையை அளந்து எழுதிவிட்டு, போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பதினோராம் நாள் மணியடித்ததும் அவள் அழுதாளாம். தான் காய்ச்சலில் கிடந்தபோது அழாதவள் என்பது அவனுக்கு மறக்கவில்லை.

பணிய லயத்து அழகமுத்து வேறு, கவ்வாத்து மலையில் வைத்துக் கிண்டுவான். “மச்சான், இந்த வருசம் மழ மலையில பேஞ்சத விட ஒங்க வீட்டம்மா போன்லதான் நல்லா பேஞ்சிருக்கு.” எல்லோரும் சிரிப்பார்கள். முத்துவீரனும் சிரித்து வைப்பான்.

முற்றத்தில் புனலைத் தூக்கினான். போத்தல் வாய்விளிம்புவரை நிறைந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த தகரத்திலும் தண்ணீர் நின்றது. இலைத்துண்டும் செத்த எறும்புமாக. எங்கோ ஓட்டை விழுந்து உள்ளே புகுந்த அழுக்குத் தண்ணீர் என்று நினைத்தான். போத்தலை எடுத்து வெளியே வைத்துவிட்டு, தகரத்தைத் தூக்கிக் கொட்டினான். கைக்குக் கனமாகத்தான் இருந்தது. பிறகு போத்தலிலிருந்ததை நிதானமாக ஊற்றி அளந்தான். அரை அங்குலக் கிளாசுக்கு எட்டு.

மணியடித்தது. ஐந்து வருஷமாக மனதில் எப்படியெல்லாமோ நினைத்து வைத்திருந்த குரல் காதுக்குள் வந்தது. கரகரத்த, சளி கட்டிய, வயதான குரல்.

“வேலம்மா பிள்ளையா?”

“அவ புருசன் பேசுறேன்.”

“அல்ஹம்துலில்லாஹ், நல்லம். பிள்ளைக்குச் சொகமில்லையா? சரி, எவ்வளவு?”

“நாலு.”

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. “பக்கத்துத் தோட்டத்தில ஏழு சொல்றாங்க. போத்தல் நிறைஞ்சு வெளித் தகரத்தில வழிஞ்சிருக்கும். அதையும் அளந்தீங்கதானே? பிள்ளைக்கு அது தெரியும்.”

அந்த நொடியில் முத்துவீரனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எறும்பு மிதந்த தண்ணீர், கைக்கு இருந்த கனம் எல்லாம். கொட்டிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவளுக்கும் அந்த மனுஷனுக்கும் தெரிந்த ஒன்று தனக்குத் தெரியாது என்று அந்த மனுஷனிடமே எப்படிச் சொல்வது?

“தகரத்துல ஒண்ணுமில்லீங்க” என்றான்.

“நாலுன்னா தப்படிக்க வேணாம்” என்று பக்கத்து மேசையிலிருந்த கிளாக்கர் சொல்லி, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

பாதிவழியில் வேலம்மா எதிரே வந்துகொண்டிருந்தாள். மனம் கேட்காமல் புறப்பட்டுவிட்டாள்.

“ஒன்னத்தான் மொதல்ல விசாரிச்சாரு, ஒங்க ஐயா” என்று அவன் ஆரம்பித்தான்.

“போத்தல் நெறஞ்சிருந்திச்சா?”

“நெறஞ்சுதான் இருந்திச்சு.”

“தகரத்துல?”

அவள் முகத்தைப் பார்த்து அவனால் பொய் சொல்ல முடியவில்லை. “இருந்திச்சு. அழுக்குத் தண்ணின்னு கொட்டிட்டேன்.”

அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்கும் பதில் சொல்ல வாய்த்திருக்கும். சாக்கை இறுக்கிக்கொண்டு, “நான் கீழ போய் அவுங்கள எழுப்பிவிடுறேன். நீங்க ஆபிசுக்கு ஓடுங்க. தப்பா சொல்லிட்டேன்னு போன்ல ஐயாகிட்ட சொல்லி, கிளாக்கர்கிட்ட தப்படிக்கச் சொல்லுங்க” என்றாள். சேற்றில் வழுக்கியும் எழுந்தும் பள்ளத்தை நோக்கி ஓடினாள்.

ஐயாகிட்ட. அந்தச் சொல்லிலேயே அவன் நின்றுவிட்டான். எவ்வளவு நேரம் நின்றான் என்று பின்னாளில் எவரும் அவனைக் கேட்கவில்லை. பிறகு ஓடினான். கிளாக்கரிடம் சொன்னான், சொல்லும்போது அவர் பார்த்த பார்வையையும் தாங்கிக்கொண்டான். தப்புச் சத்தம் மழைக்குள் போனது. அதன் பிறகு, பணிய லயத்துச் சரிவிலிருந்து லொறி லொறியாகக் கல் கொட்டியதுபோல ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

அவன் பள்ளத்துப் பாதைக்கு ஓடியபோது ஆட்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். கிழவர்கள், பிள்ளைகள், கோழியைக் கக்கத்தில் இடுக்கிய பெண்கள். எல்லோர் தலையிலும் சாக்கு. எல்லோர் மேலும் ஒரே நிறத்துச் சேறு. அழகமுத்து மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். முத்துவீரனைப் பார்த்ததும் மகளை இறுக்கிக்கொண்டு கடந்து போனான்.

முத்துவீரன் வழியின் நடுவில் நின்றான். கடந்து போகும் ஒவ்வொரு சாக்கையும் பிடித்து நிறுத்தி, நுனியை உயர்த்தி, உள்ளேயிருந்த முகத்தைப் பார்த்து, பிறகு விட்டான்.