கோப்பி கொடுக்க வந்தவளின் கை

அஜின்கோர்ட் ஹொட்டேல் மண்டபத்தில் அன்று இரண்டு துப்பாக்கிக் கம்பனிகள் கடை விரித்திருந்தன. பொலிசுக்குப் புதுப் பிஸ்டல் வாங்கப்போகிறார்கள். யாருடையதை வாங்குகிறார்களோ, அவர்களுக்குப் பத்து வருடத்துக்குக் கவலையில்லை. அதனால் இரண்டு மேசையிலும் பல்லிளிப்புக்குக் குறைவில்லை.

ரதி கோப்பி கொடுக்க வந்தவள். துவக்குகளைக் கண்டு அவளுக்குப் பயமும் வரவில்லை, வெறுப்பும் வரவில்லை. அதெல்லாம் மரத்துப்போய் வருடக்கணக்கு. பதினேழு வயதில், ஊரில் போர் நடந்தபோது, வீட்டுக்கு ஒருவர் என்று போராளி இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. ஏழு மாதம் துவக்கோடு திரிந்தாள். அகதி விண்ணப்பத்தில் ஆயுதம் தொட்டதேயில்லை என்று கையொப்பம் வைத்திருந்தாள். அடுத்த மாதம் குடியுரிமை நேர்முகம். பொய் என்று தெரிந்தால் ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"சின்னக் கைக்கும் எங்கள் பிஸ்டல் சுகம்" என்று ஆங்கிலத்தில் அளந்துகொண்டிருந்த விற்பனைக்காரன், தட்டோடு போனவளை மறித்தான். "நீங்கள் துப்பாக்கி தொட்டிருக்கிறீர்களா?"

"இல்லை."

"அருமை. இதைக் கழற்றிப் பூட்டுங்கள் பார்ப்போம்." ஒருதரம் செய்து காட்டினான்.

மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். வேண்டுமென்றே தடுமாறினாள். ஸ்பிரிங்கைக் கீழே போட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் நடித்தாள். ஆனால் பூட்டித் திருப்பிக் கொடுக்கும்போது, கை தன்பாட்டில் குழலை நிலத்துக்குத் திருப்பி, மேற்பாகத்தை இழுத்து, உள்ளே ரவை இல்லையென்று பார்த்துவிட்டே கொடுத்தது. அந்தச் சோதனையை விற்பனைக்காரன் செய்து காட்டவேயில்லை.

பிஸ்டல்களுக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருந்த பொலிஸ்காரன் கஜீவன் பேனையை நிறுத்தினான். இங்கே வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கோப்பி எடுக்கும் சாட்டில் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, உது எங்க பழகினீங்கள்?"

"யூடியூப்பில பாத்தனான், தம்பி."

அவன் கோப்பியை எடுத்துக்கொண்டு திரும்பினான். "என்ர சித்தியும் உப்பிடித்தான் பழகினவ. நான் ஒண்டும் பாக்கேல்லை."

போய் உட்கார்ந்து, முதல்முறை தொட்டவரும் இலகுவாகக் கையாளலாம் என்று எழுதி முழுப்புள்ளி போட்டான். அந்தக் கம்பனிதான் வென்றது.

நாலு நாள் கழித்து, சாப்பாட்டுக் கம்பனி முதலாளி பிரியந்தன் ரதியைக் கூப்பிட்டார்.

"அந்தத் துவக்குக் கம்பனிக்காரர் அடுத்த கிழமை ஒஷாவாப் பக்கத்துப் பொலிசுக்குப் பிஸ்டல் காட்டப்போறாங்களாம். கோப்பிக்கும், அண்டைக்கு மாதிரிக் கழட்டிப் பூட்டவும் உம்மைத்தான் அனுப்பச் சொல்லி நிக்கிறாங்கள். நான் ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

அங்கே கஜீவன் இருக்க மாட்டான். வேறு யாரோ புள்ளி போடுவார்கள்.

"ஓம், போறன்" என்றாள் ரதி.

கோப்பைகளைக் கழுவி அடுக்கினாள். கை தன்பாட்டில் ஒவ்வொரு கோப்பையையும் நிலத்துக்குத் திருப்பி, உள்ளே பார்த்துவிட்டே வைத்தது. அன்று முதன்முறையாக அவளுக்குத் தன் கையை நினைத்துப் பயம் வந்தது.