தலைவர் அனுமதிக்குக் காத்திருக்கிறது

இணையதளம் வேண்டும் என்று கடலூருக்குத் தேடி வந்து கேட்டது மேல்பட்டாம்பாக்கத்துக்காரர்கள்தான். ஊர்களுக்குத் தளம் அமைத்துத் தரும் சின்ன நிறுவனம் ஒன்றில் இளவரசிக்கு வேலை. என்னென்ன வேண்டும் என்று ஊர் கூடி முடிவு செய்யும், அவள் செய்து தருவாள் என்பது ஏற்பாடு. ஆனால் கல்யாண மண்டபத்தில் கூடிய ஒவ்வொரு கூட்டமும் முகப்பில் யார் படத்தைப் போடுவது என்ற சண்டையிலேயே முடிந்தது.

"ஆத்துல தண்ணி எப்ப தொறக்கறாங்க, கரண்ட் எப்ப போவும், அதெல்லாம் வரணும்க்கா" என்று ஒவ்வொரு முறையும் எழுந்து சொன்னவள் நஜியா. ஆற்றோரத் தெருவில் தையல் கடை வைத்திருந்தாள். அவள் உட்கார்ந்ததும் பேச்சு மறுபடி படத்துக்கே போய்விடும்.

ஊர் மன்றத் தலைவர் வைத்திலிங்கம் கடைசியில் ஒரு விதி போட்டார். "கண்டவன் கண்டத எழுதுனா ஊர் மானம் என்னாவறது? நான் பாத்து சரின்னாதான் எதுவும் வெளிய வரணும். ஊரு வாட்ஸ்அப் குரூப்பையும் மூடிடுங்க. இனிமே எல்லாம் இதுலயே."

"அவசரம்னா என்ன சார் பண்ணுவாங்க?" என்றாள் இளவரசி.

"போன் இருக்குல்லம்மா."

அலுவலகத்துக்கு வந்து பொருமினாள். "ஊரு அவுங்களுது. கேட்டத செஞ்சி குடு" என்றார் மேலாளர் பாலகுமார். செய்து கொடுத்தாள். திறப்பு விழாவில் வைத்திலிங்கம் அவளுக்குச் சால்வை போர்த்தினார்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மேலே அணையைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த காலை, இளவரசி அலுவலகத்தில் தளத்தைத் திறந்து பார்த்தாள். முகப்பில் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார். உள்ளே நஜியாவின் பதிவு கிடந்தது: 'எங்க தெருவுக்குள்ள தண்ணி வருது. வயசானவங்க இருக்காங்க. யாராவது வண்டி எடுத்துட்டு வாங்க.' அதன் கீழே, 'தலைவர் அனுமதிக்குக் காத்திருக்கிறது.' இளவரசியே எழுதி வைத்த வரி.

வைத்திலிங்கத்துக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மன்றச் செயலாளர் கிபாயத்துல்லாவைப் பிடித்தபோது, "அவரு பண்ருட்டியில கல்யாணத்துல இருக்காரும்மா, மேளச் சத்தத்துல கேக்காது. எங்கிட்ட பாஸ்வேர்ட் இல்லியே" என்று அவரும் தவித்தார்.

இளவரசி யாரையும் கேட்கவில்லை. தளத்தில் போட்டிருந்த அனுமதிப் பூட்டை எடுத்துவிட்டாள். பதிவு வெளியே வந்ததும் மேட்டுத் தெரு சிலம்பரசன் டிராக்டரை எடுத்துக்கொண்டு போனான். ஆட்களை ஏற்றிக் கொண்டுவந்துவிட்டான். நடக்க முடியாத ஆசியா உம்மாளைக் கட்டிலோடு தூக்கினார்கள். நஜியாவின் மெஷின்களும், ஊரார் தைக்கக் கொடுத்திருந்த துணிகளும் தண்ணீரோடு போயின.

வெள்ளம் வடிந்ததும் மன்றம் கூடியது.

"யாரக் கேட்டும்மா தொறந்த?" என்று வைத்திலிங்கம் எகிறினார். "பண்ருட்டியில எல்லாரும் அதப் பாத்துட்டு என்னத்தான் கேக்கறாங்க, உதவிக்கு உங்க ஊர்ல ஆளே இல்லியான்னு!"

"உசுரு போயிருந்தா என்ன கேட்டுருப்பாங்க மாமா?" என்றார் கிபாயத்துல்லா. "ஒருத்தர் கையில சாவி இருக்கக் கூடாது. அத மாத்துங்க."

இளவரசிக்கு மூச்சு வந்தது. நெடுநேரம் பேசினார்கள். இனி தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் சரி என்று சொன்னால்தான் பதிவு வெளிவரும் என்று முடிவாயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். கிபாயத்துல்லா தலை குனிந்துகொண்டார்.

"இத நான் செய்ய மாட்டேன் சார்" என்றாள் இளவரசி.

"வேற ஆள் இல்லியா என்ன?" என்றார் வைத்திலிங்கம்.

வெளியே வந்தவளை நஜியா வழிமறித்தாள். கையெல்லாம் சேறு காய்ந்திருந்தது.

"இப்ப சொல்றீங்களே, மாட்டேன்னு. அன்னிக்கே சொல்லியிருந்தா என்னக்கா?"

கேட்டுவிட்டு நஜியா, வீட்டில் மிஞ்சிய நனைந்த துணிகளைப் பிழியத் தெருவுக்குத் திரும்பினாள். கடலூர் பேருந்து வந்து நின்றது. கால் வைக்க இடமில்லாத கூட்டத்தில் இளவரசி ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.