அஞ்சடியைக் காலி செய்த விழா

மனித குலத்தின் வரலாறு முழுவதும் இடத்துக்கான போராட்டமே. இடத்துக்காகத்தான் மன்னர்கள் படை நடத்தினார்கள், கப்பல்கள் கடல் தாண்டின, கோட்டைகள் எழுந்தன, விழுந்தன. சிங்கப்பூரில் நோரிஸ் ரோட்டில் தச்சுப் பட்டறை வைத்திருந்த மருதப்பன் அந்த மாபெரும் போராட்டத்தில் இறங்கியது இரண்டு மெஷின்களை வைக்க இரண்டடி இடம் வேண்டி.

பட்டறை ஒன்பதடிக்குப் பதினோரடி. கடையின் மறுபாதியில் துரைசாமி பூ கட்டினார். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் மல்லிகை உதிரும் என்பார் துரைசாமி. இந்த லட்சணத்தில், போன வருஷம் கப்பற்படைப் பட்டறைச் சாமான்கள் லேலாங், அதாவது ஏலம், போனபோது, மருதப்பன் துளை போடும் மெஷின் ஒன்றும் சாணை மெஷின் ஒன்றும் எடுத்துவந்துவிட்டார். எங்கே வைப்பது என்று அவர் மனைவி ரத்தினம்மா கேட்டாள்.

"இடம்ங்கிறது மனசுலதான் இருக்கு, ரத்தினம்" என்றார்.

மனசு போதவில்லை. மெஷின்கள் இரண்டும் அஞ்சடியில் நின்றன. அஞ்சடி என்பது கடை வரிசைக்கு முன்னால் தூண்களுக்கு உள்ளே ஓடும் நடைபாதை. வெயிலுக்கும் மழைக்கும் ஊரே அதில்தான் நடக்கும். நடந்தவர்கள் துளை மெஷினைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நடக்கமுடியாதவர்கள் நகரசபைக்கு எழுதிப்போட்டார்கள்.

அதிகாரி சேக் தாவூது வந்தார். தஞ்சோங் பகாரில் பிறந்து வளர்ந்தவர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு டேப் வைத்திருப்பவர். அளந்தார், எழுதினார், தாளைக் கிழித்துக் கொடுத்தார். முப்பது நாளில் அஞ்சடி காலியாக வேண்டும். முப்பதாம் நாள் வந்து பார்ப்பார். ஒரு சாமான் வெளியே இருந்தாலும் பட்டறை லைசென்ஸ் போய்விடும்.

லைசென்ஸ் போனால் என்ன ஆகும் என்று ரத்தினம்மாவுக்குத் தெரியும். மருதப்பன் பழையபடி துறைமுகத்தில் சரக்குப் பெட்டிக்கு ஆணி அடிக்கப் போவார். அங்கே அடித்த எட்டு வருஷமும் அவர் வீட்டுக்கு வந்து பேசியதே இல்லை. இப்போது பேசிக்கொண்டே இருக்கிறார். அதுவும் ஒரு தொல்லைதான். ஆனால் இரண்டில் எது வேண்டும் என்று கேட்டால், பேசுகிற தொல்லையே அவளுக்கு வேண்டும்.

மருதப்பன் மூன்று நாள் யோசித்தார். யோசிப்பதற்காக மாடியறையில் மல்லாந்து படுத்தார். நாலாம் நாள் ரத்தினம்மா ரவிக்கை தைத்து முடித்து, தையல் மெஷினின் தலையை மேசைக்குள் கவிழ்த்து, பலகையை மூடி, அதன்மேல் சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள். வைத்த கையோடு திரும்பிப் பார்த்தாள்.

"ஏங்க, உங்க மெஷினையும் இப்படிக் கவுத்துப் போட்டா என்ன?"

"ஷ்ஷ். யோசிச்சுக்கிட்டிருக்கேன்ல."

மறுநாள் காலை காப்பிக்கடையில் மருதப்பன் அறிவித்தார். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் ஒரு வெளிச்சம் தோன்றியதாம். சாயங்காலம் செய்தி தச்சர் முன்னேற்றச் சங்கத்தை எட்டியபோது, விஸ்வகர்மாவே கையில் முழக்கோலோடு வந்து படம் வரைந்து காட்டிவிட்டுப் போயிருந்தார்.

எப்படி வந்தால் என்ன, வேலை என்று வந்துவிட்டால் மருதப்பன் கை பொய் சொல்லாது. நாலு காலுக்குச் சிராயா மரம். நடுவில் சுழலும் கனத்த பலகை. அதன் இரண்டு பக்கமும் பழைய கட்டிலின் இரும்புக் கம்பியில் அச்சு. பலகையின் ஒரு முகத்தில் மெஷினைத் திருகாணியால் முடுக்கிவிட்டால் ஆயிற்று. வேலை இருக்கும்போது மெஷின் மேலே. வேலை முடிந்ததும் தாழ்ப்பாளை இழுத்து ஒரு புரட்டு; மெஷின் தலைகீழாக உள்ளே தொங்கும், மேலே வெறும் மேசை நிற்கும். முதல் முறை புரட்டியபோது துளை மெஷின் தன் பாரத்திலேயே சுழன்று வந்து அவர் முழங்காலை விசாரித்தது. எதிர் முனையில் ரத்தினம்மா ஒரு உடைந்த அம்மிக் குழவியைக் கட்டச் சொன்னாள். கட்டினார். அதற்கப்புறம் ஒரு விரலால் தள்ளினால் போதும், தொட்டில் மாதிரி திரும்பியது.

உளி, ரம்பம், இழைப்புளி எல்லாவற்றுக்கும் சுவரோடு ஒரு நிலை செய்தார். புத்தகம் மாதிரி நாலு இதழ். விரித்தால் இதழுக்கு இதழ் ஆயுதம் தொங்கும், மூடினால் ஒரு சாண் கனம். இருபத்தாறாம் நாள் பட்டறைக்குள் எல்லாம் அடங்கி, நடுவில் ஒரு ஆள் பாய் விரித்துப் படுக்க இடமும் மிஞ்சியது. ரத்தினம்மா உண்மையிலேயே படுத்துப் பார்த்தாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் முப்பதாம் நாள் ஆயுத பூசையாக வந்து வாய்த்தது.

"அதிகாரி வர்றப்ப சங்கமே திரண்டு நிக்கணும். பார்த்து அசரணும்" என்றார் மருதப்பன். சங்கத் தலைவர் கோவிந்தசாமி உடனே ஒத்துக்கொண்டார். தலைவர் உளி பிடித்து இருபது வருஷம் ஆகிறது. மைக் பிடித்து இருபது நிமிஷம்கூட ஆகியிராது. விழாவுக்கு 'இடச் சிக்கனப் பெருவிழா' என்று பெயரும் அவரே வைத்தார்.

ரத்தினம்மா காலையிலிருந்து மாடியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணிக்குக் குண்டானைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தவள் கடைசிப் படியில் நின்றுவிட்டாள்.

அஞ்சடியில் கால் வைக்க இடமில்லை. காப்பிக்கடையிலிருந்து வந்த நாற்காலிகள் இருபது. தூணுக்குத் தூண் வாழைக்கன்று. 'வருக வருக' என்று மூன்று கஜத்துக்குத் துணிப் பதாகை. மேசை, மைக், சோடா பெட்டி. பட்டறைக்குள்ளே மெஷின்கள் மேலே நிமிர்ந்து, சந்தனமும் குங்குமமும் பூசி, துரைசாமி கட்டிய மாலையோடு மாப்பிள்ளைகள் மாதிரி நின்றன. கருவி நிலை நாலு இதழும் விரிந்து பொரி கடலைக்கு நடுவில் நின்றது. பூசையும் முடிந்திருந்தது. கோவிந்தசாமி மைக்கைத் தட்டினார்.

"மாண்புமிகு அவையோர்களே..."

"என்னம்மா, கல்யாணமா?" என்றது ஒரு குரல். சேக் தாவூது குடையை மடக்கிக்கொண்டு நின்றார். அப்போதுதான் மழை பிடித்திருந்தது.

"இல்லீங்க சார். அஞ்சடியைக் காலி பண்ணதுக்கு விழா."

"விழாவை எங்க நடத்துறீங்க?"

ரத்தினம்மா நாற்காலிகளைப் பார்த்தாள். வாழைக்கன்றைப் பார்த்தாள்.

"அஞ்சடியிலதாங்க" என்றாள்.

சேக் தாவூது சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாடு மீசையில் தெரிந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கோடியில ரெண்டு கடை பார்க்க வேண்டியிருக்கு. கால் மணி நேரம் ஆகும். திரும்பி வந்து டேப் பிடிப்பேன்மா. சாமானோ ஆளோ, வழியை மறிக்கக்கூடாது."

அவர் நகர்ந்ததும் ரத்தினம்மா சுண்டலைப் படியில் வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகினாள்.

"எல்லாரும் எந்திரிங்க! நாற்காலி காப்பிக்கடைக்கு, வாழைக்கன்னு கொல்லைக்கு!"

"நான் பேச்சை நடுவுல நிறுத்துற வழக்கமில்லை" என்றார் கோவிந்தசாமி.

"நடுவு எங்கண்ணே வந்துச்சு? இன்னும் 'அவையோர்களே'யிலதான நிக்குறீங்க" என்றார் துரைசாமி, தலைவருக்கு அடியிலிருந்த நாற்காலியை உருவிக்கொண்டே.

நாற்காலி, மேசை, மைக், வாழைக்கன்று எல்லாம் போயின. ஆட்கள் போகவில்லை. ரோட்டில் மழை கொட்டியது. பதினாலு பேரும் அஞ்சடியில் ஒண்டி நின்றார்கள். உள்ளே போகச் சொன்னால், உள்ளே மெஷின்கள் மாலையோடு நிற்கின்றன. மேசையைப் புரட்டினால் இடம் வரும். ஆனால் பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை மறுபூசை போடாமல் தொடக்கூடாதே! இதை மருதப்பன் சொன்னதும் பதினாலு தச்சர்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். லைசென்ஸா, விஸ்வகர்மாவா?

"பேசாம அதிகாரியை நாளைக்கு வரச் சொல்லுவோம்லா" என்றது ஒரு குரல்.

"நாளைக்கு வந்தா லைசென்ஸை வாங்கிட்டுத்தான் போவாரு" என்றாள் ரத்தினம்மா. "ஏங்க, மெஷினை யாரு தொடச் சொன்னா? பலகையைத் தொடுங்க. பலகைக்குச் சந்தனம் வச்சீங்களா?"

யோசித்துப் பார்த்தார்கள். வைக்கவில்லை.

"சாத்திரத்துல இதுக்கு இடம் இருக்கான்னு..." என்று கோவிந்தசாமி தாடையைத் தடவினார்.

"சாத்திரம் எழுதுனப்ப நகரசபை இல்லண்ணே" என்றார் துரைசாமி.

விளக்கையும் தேங்காயையும் எடுத்தார்கள். சாணை மெஷின் மாலையும் பொட்டுமாக ஒரு புரட்டில் தலைகீழாக உள்ளே போனது. சிரசாசனம் என்று யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கருவி நிலை ஆயுதங்களை அணைத்துக்கொண்டு மூடியது. மூலையிலிருந்த துளை மெஷினை வேறு யாரும் நெருங்க மருதப்பன் விடவில்லை. தானே சந்துக்குள் நுழைந்து, தாழ்ப்பாளை இழுத்து, "விஸ்வகர்மா!" என்று ஒரு சத்தம் கொடுத்துப் புரட்டினார். பலகை தடாலென்று உட்கார்ந்தது. உட்கார்ந்த பலகைமேல், பேச்சு பறிபோன கோபத்தோடு, கோவிந்தசாமியும் தடாலென்று உட்கார்ந்தார். கூடவே இன்னும் மூன்று பேர்.

"ரத்தினம்" என்று மூலையிலிருந்து மருதப்பன் குரல் வந்தது. சற்று மெல்லிய குரல். "அந்தப் பதாகையை இப்படி வீசு."

அவிழ்த்த பதாகையைச் சுருட்டித் தலைகளுக்கு மேலாக வீசினாள். மருதப்பன் அதை மடியில் பரப்பிக்கொண்டு சுவரோரம் ஒரு முக்காலியில் அமர்ந்தார். பதினாலு பேரும் உள்ளே அடங்கிவிட்டார்கள். கையைக் கையோடு ஒட்டிக்கொண்டு சுண்டல் தின்றார்கள். ஒருவர் மென்றால் பக்கத்தில் இருப்பவர் தாடையும் அசைந்தது. அப்படியும் யாரோ ஒரு வேடிக்கை சொல்ல, பட்டறையே ஒரே உடம்பாகக் குலுங்கியது.

சேக் தாவூது வந்தார். தூணிலிருந்து வாசற்படி வரை டேப் பிடித்தார். நடுவில் இரண்டு செண்டுப் பூவைத் தவிர ஒன்றுமில்லை. உள்ளே எட்டிப் பார்த்தார். இரண்டு மெஷின் பட்டறையை எதிர்பார்த்தவர் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு மேசையும் ஒரு கல்யாணப் பந்தியும்.

"மெஷினெல்லாம் எங்கங்க?"

"தலைவர் மேல உட்கார்ந்திருக்காரு சார்" என்றார் துரைசாமி.

குனிந்து பார்த்தார். மேசைக்கு அடியில் இருட்டில் மாலை தொங்கியது. நிமிர்ந்தபோது மீசை தோற்றுவிட்டிருந்தது, வாய்விட்டே சிரித்தார். தாளை எடுத்தார். "முதலாளி வெளிய வந்து அளவைப் பார்த்துட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க. வேலை முடிஞ்சுது."

மருதப்பன் எழுந்திருக்கவில்லை.

"ஏங்க!" என்றாள் ரத்தினம்மா. அவர் நகரவில்லை. முதுகு நேராக, பார்வை எதிர்ச்சுவரில், சிங்காதனத்தில் இருப்பவர் மாதிரி இருந்தார். அவளுக்குப் பகீரென்றது. முப்பது நாள் மெனக்கெட்டு, கடைசி நொடியில் இந்த மனுஷனுக்குக் கௌரவம் தலைக்கேறிவிட்டதா? அதிகாரியின் சிரிப்பு மெல்லக் குறைந்தது.

மருதப்பன் தொண்டையைச் செருமினார். "சார். இந்த மேசைக்கு யோசனை கொடுத்தது விஸ்வகர்மா இல்ல. என் சம்சாரம். அவ தையல் மெஷினைப் பார்த்துத்தான் செஞ்சேன். பட்டறை லைசென்ஸுல இனிமே அவ பேரும் இருக்கட்டும். கையெழுத்தை அவளே போடட்டும்."

பட்டறை மூச்சு விடவில்லை. விட இடமுமில்லை.

ரத்தினம்மா அஞ்சடிக்குப் போனாள். டேப்பைப் பார்த்தாள். சேக் தாவூது நீட்டிய பேனாவால் கூட்டு உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரை முழுசாக எழுதினாள்; கடைசி 'மா'வின் வால் கோட்டைத் தாண்டி ஓடியது. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு புருஷனைப் பார்த்ததில்லைம்மா" என்று அதிகாரி சொல்லி, ஒரு கை சுண்டலும் வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் கோவிந்தசாமியை யாராலும் பிடிக்கமுடியவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, மைக் இல்லாமல், பெண்ணினத்தின் ஏற்றம் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினார். மருதப்பனைப் போல் மனைவியை முன்னிறுத்துமாறு உறுப்பினர்களைக் கேட்டுத் தீர்மானம் போட்டார். எல்லோரும் கை தூக்கினார்கள், கை தூக்க மட்டும்தான் இடமிருந்தது. மாலை போட எழுந்திருக்கச் சொன்னபோது மருதப்பன், "நான் அதுக்குத் தகுதியானவன் இல்ல, அப்படியே குனிஞ்சு போடுங்க" என்றார். என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று சொல்லிக்கொண்டே, மழை விட்டதும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

துரைசாமியும் போனபிறகு ரத்தினம்மா மூலைக்கு வந்தாள். மருதப்பன் இன்னும் உட்கார்ந்தே இருந்தார்.

"நெசமாத்தான் சொன்னீங்களா?"

"எது?"

"என் யோசனைன்னு."

"அது நெசந்தானே." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீ மேல போ. நான் பின்னாலயே வர்றேன்."

"எந்திரிங்க, சேர்ந்து சாப்பிடுவோம். பதாகையைக் கொடுங்க, மடிச்சு வைக்கிறேன்."

"வேணாம் ரத்தினம். விடு. விடுன்னா!"

அவள் இழுத்துவிட்டாள்.

மேசையைப் புரட்டியபோது துளை மெஷினின் கைப்பிடி அவர் வேட்டியைச் சுருட்டி உள்ளே கொண்டுபோயிருந்தது. அவர் கோடு போட்ட உள்கால்சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.