பையரிடம் கேட்கக் கூடாத கேள்வி

…கேட்டுவிட்டால்தான் என்ன, தலையா போய்விடும், ஆனால் திருப்பூரில் பிறந்து வளர்ந்தவள் எந்த வாயால் கேட்பாள், உங்களிடம் வாங்குகிறவர் யார் என்று சரக்கெடுக்கும் வெளிநாட்டு வியாபாரியை, அதாவது பையரைக் கேட்பதும் அவருடைய கஸ்டமரைத் தட்டிப் பறிப்பதும் இங்கே ஒன்றுதானே, ஜனனி வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி மகுடேஸ்வரன் சொல்லிவிட்டார், "யாரு போடறாங்கங்கற கதையெல்லாம் நமக்கெதுக்குங்கம்மிணி, பையர் மொகஞ்சுளிச்சா ஆர்டர் போச்சு." பனியனுக்கு அது சரி. இது பனியனா? தீப்பிடிக்காத, கத்திக்கும் கிழியாத மஞ்சள் துணி, தீயணைப்பு வீரனுக்கும் ஆகும், சண்டைக்குப் போகிறவனின் கவச உடைக்கும் ஆகும், அதனால்தான் லைசென்ஸ் இல்லாமல் கப்பலேறக் கூடாது என்கிறார்கள், கடைசியில் யார் கைக்குப் போகிறது என்பது எங்களுக்குத் தெரியும் என்று விதிமுறைகளைச் சரிபார்க்கும் கம்ப்ளையன்ஸ் வேலை பார்க்கிற ஜனனிதான் கையெழுத்துப் போட வேண்டும்… போட்டால் லைசென்ஸ் வரும், சரக்கைப் பார்த்து அனுப்பத் துபாயிலிருந்து அருள்குமார் வருவான். போடாவிட்டால் வரமாட்டான். அட, இவ்வளவுதானா விஷயம்? இவ்வளவேதான்.

நெருப்பெரிச்சல் ஊரிலிருக்கும் இதே கம்பெனியில் பக்கத்து மேசையில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தவன், இன்றைக்கு அந்தப் பையரின் ஆள், போன மாதம் போனில் என்ன சொன்னான், "இந்த ஆர்டர் மட்டும் ஓகே ஆகட்டுங்க, வந்து உங்க ஊட்டுல பேசிடறேன்", அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை, வெட்கங்கெட்ட மனசு… டீயை ஆற்றாமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்வான், எங்க தாராபுரத்துத் தண்ணி மாதிரி வருமா என்று எதற்கெடுத்தாலும் பீற்றிக்கொள்வான், துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கையில் ஒரு கண்ணை மூடுவான், அந்த மூடிய கண்ணை ஒருமுறை பார்த்தால் போதும் என்று இருக்கிறது, யாரிடம் சொல்வது இதை, அம்மாவிடமா, நம்ம சாதிசனம் என்ன சொல்லும் என்று ஆரம்பிப்பாள். ஒரு கையெழுத்து. மகுடேஸ்வரனும் போடு கண்ணு என்றுதான் சொல்கிறார், ஊரில் யார் கேட்கப் போகிறார்கள்… ஆனால் அந்தத் துணிக்குள் யாரோ ஒருவன் துப்பாக்கியோடு நிற்பானோ, அவனுக்கு எதிரே இன்னொருவன், அவனுக்கும் ஒருத்தி காத்திருப்பாளே, சீ, இப்படி நினைத்தால் எந்தக் கையெழுத்துத்தான் போட முடியும்?

மதியச் சாப்பாட்டு மணி அடித்தது, மெஷின்கள் ஓய்ந்தன, சட்டென்று போனை எடுத்துக் கேட்டே விட்டாள், "அருள், இந்தத் துணிய உங்ககிட்ட யாருங்க வாங்கறாங்க?" அந்தப் பக்கம் இரைச்சலான ஏதோ சாலை. பிறகு, "ஏனுங்க ஜனனி, நீங்க போயி இதைக் கேக்கலாமுங்களா?" "கேக்காம எப்படிங்க கையெழுத்துப் போடறது?" ஹார்ன் சத்தத்தினிடையே அவன், "கேக்காதீங்க… உங்ககிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலீங்க." "அப்ப நான் போடலீங்க" என்றாள். "செரீங்க" என்றான். வைத்துவிட்டான்.

செரீங்க… அவ்வளவுதானா, கெஞ்சவில்லை, கோபப்படவில்லை, இனி இன்ஸ்பெக்‌ஷனும் இல்லை, ஊட்டுல வந்து பேசுவதும் இல்லை, டிபன் பாக்ஸைத் திறந்து மூடினாள், அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பாவி, ஏதாவது ஒரு பேரைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, ஏதோ ஒரு தீயணைப்பு நிலையம், ஏதோ ஒரு ஊர், பொய்யாகவே இருக்கட்டும், அவன் வாயால் வந்தால் நம்பிக் கையெழுத்துப் போட்டிருப்பாளே, கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பாள், அது அவளுக்கு இப்போதுதான் உறைக்கிறது, அவனுக்கு முன்னமே தெரிந்திருக்கும்… தெரிந்துமா அந்த ஒரு பொய்யை அவளிடம் சொல்லாமல் வைத்தான்?