இடப்பக்கத்துக் கனம்

மெல்பர்னின் மேற்கே, ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில் கெரின் மாடக்குக்குப் பதினோரு வருட வேலை. ஈர விரிப்புகளைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. தோளில் எதையும் மாட்டக்கூடாதென்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலை பஸ்ஸையும் நிறுத்திவிட்டார்கள். மிச்சம் சைக்கிள்தான். ரப்பர் பூட்ஸ், மாற்றுத்துணி, சோறு எல்லாம் கொண்டுபோக, கேரியரின் இருபுறமும் தொங்கும் பைகள் வேண்டும். கடைப் பைகளின் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தவள், அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வேண்டாத சாமான்களைத் தெருவோரம் போடும் வாரம் வந்தது. அந்த வாரம் வெளியே கிடப்பது எடுத்தவருக்குச் சொந்தம். பெரிய லாரிகள் இடப்பக்கம் திரும்பும் சந்திப்பில், கம்பத்தில் சாய்த்திருந்த மெத்தைக்குப் பின்னாலிருந்து இரண்டு கறுப்புப் பைகள் எட்டிப் பார்த்தன. வாயைச் சுருட்டி மூடும் வகை, கொக்கியில் துரு இல்லை. கையை விட்டு இரண்டையும் கழற்றிக்கொண்டாள்.

முதல் நாள் பெடல் மிதிக்கையில் குதிகால் இடப் பையில் இடித்தது. கொக்கியை இரண்டு விரல் பின்னுக்குத் தள்ளினாள். மறுநாள் அது முன்னுக்கு வந்திருந்தது. மூன்றாம் நாள் அந்தச் சந்திப்பில் பச்சை விழுந்ததும் மிதித்தாள், சைக்கிள் நகரவில்லை. வளர்ந்த ஆள் ஒருவன் இடப்பக்கம் தொங்கினாற்போல் கனம். காலை ஊன்றினாள். ஒரு லாரி அவள் மூக்கை உரசித் திரும்பியது. சிவப்பு விழுந்தது, கனம் போயிற்று. பையைத் திறந்தால் பூட்ஸ் மட்டும்தான்.

நான்கு நிமிடம் தாமதம். மறுநாளும் அப்படியே.

"இன்னொரு தடவ ஏழு மணிக்கு மேல வருகை அட்டை அடிச்சே, வாரத்துல ரெண்டு நாள்தான் வேலை" என்றான் மேற்பார்வையாளன்.

தேநீர் வேளையில், கூட வேலை செய்யும் சமோவாத் தீவுக்காரி லாகி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏண்டி, சைக்கிள ஓட்டிட்டு வரியா, சைக்கிள் உன்ன ஓட்டுதா?"

"பை இழுக்குதுக்கா."

"ரெண்டு பக்கமும் ஒரே கனமா வச்சியா? பூட்ஸ அடியில போடு."

"எல்லாம் பாத்தாச்சு. அந்த லாரி சந்திப்புல மட்டுந்தான் இழுக்குது."

லாகி கோப்பையைக் கீழே வைத்தாள். "பை ஏது?"

"அந்தச் சந்திப்புலதான், கம்பத்துல சாய்ச்ச மெத்தைக்குப் பின்னால கிடந்துச்சு."

"மெத்தைக்குப் பின்னால வெள்ளையடிச்ச சைக்கிள் நிக்கும். போன வருஷம் லாரிக்கடியில போனானே ஒருத்தன், அவன் நினைவாப் பூட்டி வச்சது. பை அவனோடது. பொண்டாட்டி மாட்டிவிட்டா. குப்பைன்னா நெனச்ச?"

"மெத்தை மறைச்சிருந்துச்சுக்கா."

"அத அவன்கிட்ட சொல்லு."

அன்று மாலையே பைகளை வெள்ளைச் சைக்கிளில் திரும்ப மாட்டினாள். தன் கேரியரில் ஒரு பழப்பெட்டியைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் சந்திப்பு நெருங்கியதும் சைக்கிள் இடப்பக்கம் சாய்ந்தது. அங்கே எதுவும் தொங்கவில்லை. அவன் பையில் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வேலையை விட முடியாது. கால்மணி முன்னால் கிளம்பினாள். சந்திப்பில் காலை ஊன்றி, லாரி திரும்பிப் போய், கனம் இறங்கியபின் மிதித்தாள். இரண்டு வாரம் ஒரு தாமதமும் இல்லை.

வெள்ளிக்கிழமை லாரி போன பிறகும் கனம் இறங்கவில்லை. உடம்பு வேர்க்க, முதுகு வெடிக்க, ஆலை வாசல் வரை மிதித்தாள். ஏழாக இரண்டு நிமிடம்.

"இறங்குப்பா, எனக்கு மணியாச்சு" என்றாள், திரும்பாமல்.

சைக்கிள் நிமிர்ந்தது. ஓடிப்போய் அட்டையை அடித்தாள். ஆறு ஐம்பத்தொன்பது.

மதியம் மூன்றுக்கு வேலை முடிந்தது. வீட்டுக்கு ரயில் பாதையோரமாகச் சுற்றுவழி ஒன்று உண்டு. சந்திப்பைத் தொடவே வேண்டாம். ஆனால் கூட்டி வந்தவள் அவள், சந்திப்பில் திரும்ப விடவேண்டியவளும் அவள்தான். அவனை இங்கே விட்டுப்போனால் நாளைக்கு யார் பின்னால் ஏறுவானோ.

கேரியரை வலக்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏறு" என்றாள்.